பச்சை விளக்கை நம்பாதவர்

கௌதமி இறந்துவிட்டார் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் அதை நம்பவில்லை. பிறந்தநாள் வாழ்த்திலிருந்து மழை எச்சரிக்கை வரை அந்தக் குழுவில் எல்லாவற்றையும் ஒரு மென்பொருள்தான் போடுகிறது. வேலையில் இருக்கும் ஒருவருக்கே அது பணி ஓய்வு வாழ்த்துச் சொன்னதுண்டு. அதனால் வியாசர்பாடியில் இருக்கும் அவருடைய தம்பி ஆனந்தனுக்குப் போன் செய்தேன்.

"நெசம்தாண்ணே. காத்தால ஆஸ்பத்திரியிலயே போய்ட்டுச்சு அக்கா" என்றான்.

"யார் சொன்னது? டாக்டர் வந்து பார்த்தாரா?"

மறுமுனையில் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. "அக்கா மாதிரியே கேக்குறியேண்ணே. நான்தான் கையப் புடிச்சுக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

இதைப் படிப்பவர்களில் கௌதமியோடு கல்லூரியில் படித்தவர்கள் இருப்பீர்கள். அவருடைய குடியிருப்புக்காரர்கள் இருப்பீர்கள். எங்கள் டெர்மினலில் அவரைத் தலைக்கவசத்தோடு மட்டுமே பார்த்தவர்களும் இருப்பீர்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று உங்களில் பலருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஓர் இடத்தின் விதிகளைத் தர்க்கக் குறியீடுகளாக எழுதுவார். அங்கே நடக்கும் வேலையின் ஒவ்வொரு படியும், மென்பொருள் தானாக எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த விதிகளுக்குள் நிற்கிறதா என்று கணினியைக் கொண்டு சரிபார்ப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவது அவர் தொழில்.

எண்ணூர்க் கரையோரம் இருக்கிறது எங்கள் டெர்மினல். கப்பலில் வரும் இரசாயனத் திரவங்களைப் பெரிய இரும்புத் தொட்டிகளில் தேக்கி லாரிகளில் ஏற்றி அனுப்புகிற இடம். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. எந்த வேலையை யார் எங்கே செய்யலாம் என்று பெர்மிட் கொடுப்பது என் பிரிவு. சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் அந்தப் பொறுப்பை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தது. வேலைக் கோரிக்கையைப் படித்து, வகை பிரித்து, நிபந்தனைகளைப் பார்த்து, அதுவே பெர்மிட் கொடுத்துவிடும். அதற்கு ஏஜென்ட் என்று பெயர். அந்த ஏஜென்ட் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர் கௌதமி.

என் பிரிவை மூட நிர்வாகம் அனுப்பிய ஆள் என்று நான் அவரைச் சந்தேகப்பட்டேன். ஏஜென்ட் தோற்கட்டும் என்று காத்திருக்கும் ஆள் என்று அவர் என்னைச் சந்தேகப்பட்டார். இருவர் சந்தேகத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

முதல் சந்திப்பில் எங்கள் விதிகளிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவைத்தார். 'தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் வாயுச் சோதனை செய்யப்பட வேண்டும்.'

"முன்னாடின்னா எப்போ சார்? நேத்து செஞ்சிருந்தா அதுவும் முன்னாடிதானே?"

"இறங்குறதுக்குச் சற்று முன்னாடி மேடம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"எல்லாருக்கும் தெரியும். ஏஜென்ட்டுக்குத் தெரியுமா?" என்றவர் பேனாவால் வாக்கியத்தின் கடைசிச் சொற்களைத் தட்டினார். "சோதனை செய்யணும்னு கீது. சோதனையில நல்ல காத்துன்னு வரணும்னு எங்கயுமே இல்லையே சார்?"

எனக்குக் கோபம் வந்தது. ராயபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. தெற்கிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்கள். மூட்டையைத் தூக்கி வருபவனையும் தராசில் நிற்பவனையும் ஒரு பார்வையில் எடைபோடப் பழகியவன் நான். சந்தேகப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவரிடமே சொன்னேன்.

"உங்க சந்தேகம் ஆளுங்க மேல சார். என்னோடது வாக்கியங்க மேல. ஆளு மாட்டிக்கினா மூஞ்சி காட்டிக் குடுத்துடும். வாக்கியத்துக்கு மூஞ்சி ஏது?"

அன்று எனக்கு அது திமிராகத்தான் பட்டது.

அவர் எதற்கு இவ்வளவு பயப்படுகிறார் என்பது விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடி கால்பந்து மைதானத்தில். ஆனந்தன் உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராக இருப்பவன். அன்றும் அவன்தான் விசில் ஊதிக்கொண்டிருந்தான். கௌதமி என்னை அழைத்திருந்தார். வெயிலில் சிமென்ட் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ஒரு மேட்ச் முழுக்க ஆஃப்சைடே இல்லாம முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க. ரெண்டு டீமும் ஒழுங்கா ஆடினாங்கன்னு அர்த்தமா?"

"ஆமா."

"எதிர் டீம் ஆளுங்களைத் தாண்டி நிக்கிறவனுக்குப் பந்தைத் தள்ளினாதானே ஆஃப்சைடு? ஒருத்தனும் முன்னால ஓடுறவனுக்குப் பந்தே தள்ளலைன்னா?"

நான் யோசித்தேன். "அப்பவும் ஆஃப்சைடு வராது."

"வராது. ஆனா அந்த விதிய யாரும் மதிச்சாங்கன்னு சொல்ல முடியாது. விதி அன்னிக்கு வேலைக்கே வரலை. தர்க்கத்துல ரெண்டும் ஒண்ணுதான் சார். 'இது நடந்தா அது நடக்கணும்'னு ஒரு விதி. இது நடக்கவே இல்லைன்னா விதி மீறப்படலைன்னு கணக்கு. பச்சை விளக்கு எரியும்."

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த ஆனந்தன் காதில் இது விழுந்தது. "ரெஃப்ரீ போனைப் பாத்துக்கினு இருந்தாலும் ஆஃப்சைடு வராதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். கௌதமி அவ்வளவு உரக்கச் சிரித்து நான் வேறு எப்போதும் கேட்டதில்லை.

மழை முடிந்து தொட்டிகளைக் கழுவும் காலம் வந்தது. அடியில் தங்கிய சகதியை ஆட்கள் இறங்கித்தான் வழிக்க வேண்டும். வருடத்திலேயே நான் அதிகம் பயப்படும் நாட்கள் அவை. ஆனால் அந்த முறை கௌதமியின் கணினியில் சரிபார்ப்புத் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. ஒரு மீறலும் இல்லை. மேலாளர் அறைக்கே வந்து கை கொடுத்தார். கௌதமி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா சார், ஒண்ணு கூடவா சிவப்பு இல்ல?"

"நல்லதுதானே?"

அவர் கணினியிடம் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். வாயுச் சோதனை விதி மீறப்பட்டதா என்பதை விட்டுவிட்டு, அந்த விதி ஒரு முறையாவது வேலைக்கு வந்ததா என்று கேட்டார். ஒரு முறைகூட வரவில்லை என்று பதில் வந்தது. தொட்டி கழுவும் காலத்தில், ஏஜென்ட்டின் பதிவுகளின்படி, தொட்டிக்குள் யாருமே இறங்கவில்லை.

தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

யார்டின் கடைசித் தொட்டியில் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. துளை வழியாக இடுப்புவரை சகதி பூசிய ஒருவர் வாளியோடு வெளியே வந்துகொண்டிருந்தார். வள்ளூரிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர் காசி. எனக்கு நன்றாகத் தெரிந்தவர்.

"பெர்மிட்டுல இன்னா வேலைன்னு கீது?" என்றார் கௌதமி.

"வெளிப்புறச் சுத்தம்னு வந்துச்சு மேடம். சகதி உள்ள கீது, வெளிய நின்னுக்கினு எப்படி எடுக்குறது? வேலைய முடிக்கச் சொல்லி மேஸ்திரி சொன்னாரு, இறங்கிட்டோம்."

"காத்து பாத்தாங்களா?"

"இந்த வேலைக்கு அது வேணாம்னு போன்லயே வந்துடுச்சு."

"உள்ள யாராச்சும் கீறாங்களா?"

"ஒருத்தன் கீறான்."

"அவனை வெளிய கூப்பிடு. இப்பவே கூப்பிடு!"

காசி குனிந்து கத்தினார். உடனே பதில் வரவில்லை. அந்த இடைவெளியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு ஒரு கை துளையின் விளிம்பைப் பிடித்தது. காசியும் நானும் இழுத்து வெளியே போட்டோம். அந்த மனிதர் கண்ணில் நீர் வழிய, தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயு அளக்கும் கருவியை நான் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். பாதி தூரம் போவதற்குள் அது அலறத் தொடங்கியது. காசி அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாந்தி எடுத்தவர் மருத்துவமனையில் தேறி வீடு திரும்பினார்.

அடுத்த நாள் கூட்டத்தில் மேலாளர் கேட்டார். "ஏஜென்ட் எந்த விதியையும் மீறலையே?"

"மீறலை சார். அதான் பயமா கீது."

பிறகு கௌதமி பொறுமையாக விளக்கினார். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஏஜென்ட்டுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. 'உள்ளே இறங்கும் வேலை' என்று வகை பிரித்தால் சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். 'வெளிப்புறச் சுத்தம்' என்றால் உடனே பெர்மிட். கோரிக்கை கொஞ்சம் மழுப்பலாக இருந்தால் போதும், ஏஜென்ட் வெளிப்புறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். விதி அப்படியே இருந்தது. விதிக்கு வேலை வராமல் ஏஜென்ட் பார்த்துக்கொண்டது.

"வேணும்னே செஞ்சுதா?" என்று நான் கேட்டேன். எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

"அதுக்கு எண்ணமே கிடையாது சார். நாம ஒரு சந்து விட்டோம். பூந்துடுச்சு."

தொட்டியின் மூடியைக் கழற்றினாலே அது உள்ளே இறங்கும் வேலைதான் என்று விதியை மாற்றி எழுதினார். அந்தப் பெர்மிட்டை மனிதர் ஒருவர் நேரில் வந்து பார்த்தே கொடுக்க வேண்டும் என்றார். மேலாளர் ஒத்துக்கொண்டார். பதிலுக்கு ஒன்று கேட்டார். திருத்தப்பட்ட ஏஜென்ட் முழுக்கப் பாதுகாப்பானது என்று கௌதமி கையெழுத்துப் போட வேண்டும்.

"எந்தெந்த அனுமானம் சரியா இருந்தா எந்தெந்த விதி நிக்கும்னு எழுதித் தரேன் சார். முழுக்கன்னு எழுத மாட்டேன்."

"நிரூபணம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நிரூபணம்னா, எதை நம்பிக்கினு இருக்கோம்னு ஒளிக்காம சொல்றது. அவ்ளோதான்."

அவருடைய ஒப்பந்தம் அதற்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. காரணம் கேட்டேன். செலவுக் குறைப்பு என்றார்கள். நான் நம்பவில்லை. கௌதமியிடம் சொன்னபோது, "ஆதாரம் இல்லாம சொல்லாதீங்க சார்" என்று என்னையே அடக்கினார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. மருத்துவமனையில் நான் பார்க்கப் போன அன்று, தலையணையில் சாய்ந்தபடி டெர்மினலைப் பற்றித்தான் கேட்டார். காசி எப்படி இருக்கிறார், தொட்டி பெர்மிட் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறதா என்று விசாரித்தார்.

"நான் எழுதின விதிங்களை யாருமே சரிபாக்கலை சார். நான் சொன்னேன்னு அப்படியே எடுத்துக்கினாங்க. அது தப்பு. நீங்க ஒரு தபா பாருங்க."

"எனக்கு அந்தக் குறியீடெல்லாம் அவ்வளவு வராதே."

"பக்கத்துலயே தமிழ்ல எழுதியிருக்கேன். சந்தேகப்பட டிகிரி வேணுமா?"

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் புத்த பிக்கு ஒருவர் 'புத்தம் சரணம்' என்று திரிசரணம் சொல்ல, அவரை அடக்கம் செய்தோம். அடுத்த வாரம் டெர்மினலில் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மேலாளர் நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, "மேடம் சரிபார்த்துச் சான்றளித்த ஏஜென்ட்டிடம் தொட்டிக்குள் இறங்கும் பெர்மிட்டையும் மீண்டும் ஒப்படைக்கப்போகிறோம். அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் மரியாதை" என்றார். சிலர் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "சான்று எங்கே சார் இருக்கு?"

"இது அஞ்சலிக் கூட்டம் ஜெபராஜ்."

"அதனாலதான் கேட்கிறேன். அவங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்ன அறையில நானும் இருந்தேன். நீங்களும் இருந்தீங்க."

பின்வரிசையில் நின்றிருந்த காசி தொண்டையைச் செருமினார். "மேடம் வேலைய நிறுத்தினத்த நான் கண்ணால பாத்தேன் சார். சான்று குடுத்தத்த பாக்கலை."

கூட்டம் அதோடு கலைந்தது. பெர்மிட்டை ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கும் முடிவு தள்ளிவைக்கப்பட்டிருப்பதாக மறுநாள் சொன்னார்கள். தள்ளிவைப்பது என்றால் எதுவரை என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அவரை அறிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'கௌதமியே சரி என்று சொல்லிவிட்டார்' என்று எங்காவது, யாராவது சொல்லக் கேட்டால் நம்பாதீர்கள். எந்த அனுமானத்தின் மேல் சொன்னார் என்று கேளுங்கள்.

அவரைச் சந்தேகிக்க அவரே கொடுத்த அனுமதி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். தினமும் அலுவலகம் போனதும் அவர் எழுதிய விதிகளில் ஒன்றை எடுத்து, அதன் தமிழ் வாக்கியத்தை அவர் படிக்கிற மாதிரி படித்துப் பார்க்கிறேன். பெரும்பாலானவை அசையாமல் நிற்கின்றன. நேற்று ஒன்று நிற்கவில்லை.

'தொட்டிக்குள் இறங்கியவர் வெளியே வரும் வரை வாயிலில் ஒரு காவலாள் நிற்க வேண்டும்.' நல்ல விதி. திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை என்றால்? காவலாள் நின்றுகொண்டே இருப்பார். விதி மீறப்படாது. திரையில் பச்சை எரிந்துகொண்டே இருக்கும். கௌதமியின் குறியீடும் அதைத்தான் சொன்னது. அவர் தப்பு ஒன்றை நான் பிடித்துவிட்டேன். பிடித்த சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். அறையில் யாரும் இல்லை.

மறுபடி உட்கார்ந்து, அவருடைய வாக்கியத்துக்குக் கீழே இன்னொரு விதியைச் சேர்த்தேன்.

'உள்ளே இறங்கியவர் வெளியே வர வேண்டும்.'