சண்டையிலும் நிற்காத தண்ணீர்

எனக்கு வயது அறுபத்தாறு. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவர்களில் கடைசிப் பிள்ளையின் முதலாண்டு நினைவு மலருக்கு நானே எழுதும்படி ஆகிவிட்டது. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருக்கும் ஒன்றையும் இதில் சொல்லியாக வேண்டும். அதனால் அவசரப்படாமல் வருகிறேன்.

என் இளைய மகள் சுருளிப்பட்டியில், எங்கள் திராட்சைத் தோட்டத்து வீட்டில் பிறந்தாள். பந்தலுக்கு அடியில்தான் தவழ்ந்தாள், நடந்தாள், பாடம் படித்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் உத்தமபாளையத்துக் கல்லூரியில் அரசியல் அறிவியல் பி.ஏ. சேர்ந்தாள். ஊரில் சிரித்தார்கள்.

"என்ன மதினி, மகள எலெக்சன்ல நிப்பாட்டப் போறீகளா?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டவர் உண்டு.

"நின்னா உங்க வீட்டு ஓட்டு அம்புட்டும் எனக்குத்தான் அத்தை" என்று சொல்லிவிட்டு இவள் பஸ் ஏறிப் போவாள்.

மூன்றாம் வருடம் பன்னாட்டு அரசியல் என்று ஒரு பாடம் வந்தது. என்னோடு பந்தலில் திராட்சைக் கொடி கட்டிக்கொண்டே, எந்த நாட்டுக்கு எந்த நாட்டோடு மனத்தாங்கல், எங்கே உட்கார்ந்து பேசினார்கள், எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்லுவாள். கிழக்கே மதுரை, மேற்கே குமுளி, அதற்கு மேல் பார்க்காதவள் நான். என் வயிற்றில் பிறந்ததற்குள் இவ்வளவு உலகம் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று மலைத்துப்போய்க் கட்டுகிற கை நின்றுவிடும்.

அந்த வருடம் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் வரப்புத் தகராறு முற்றியது. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். மூன்று நாள் அவர்கள் முறை, மூன்று நாள் எங்கள் முறை. பெரியவர் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கோடைக்காலம். கவாத்து முடிந்து துளிர்த்த கொடி கண் முன்னால் சுருண்டது. இன்னும் பத்து நாள் போனால் பந்தலுக்குக் கல்லும் கம்பியும்தான் மிச்சம்.

அப்போது வடக்கே மலையில் நம் நாட்டுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை. யார் ஜெயிக்கிறார்கள் என்று ஊரே ரேடியோ கேட்டது. பரீட்சை முடித்து வீட்டில் இருந்த மகள், பேப்பரில் வேறு எதையோ தேடினாள். கேட்டேன்.

"ரெண்டு நாட்டுக்கும் பொதுவா ஓடுற ஆத்துக்கு முன்னாடியே ஒப்பந்தம் எழுதியிருக்காகம்மா. அதுக்கப்புறம் சண்ட வந்தப்பவும் யாரும் அதக் கிழிக்கல. இப்பக் கிழிக்கிறாகளான்னு பாக்கிறேன்."

தினமும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னைக்கும் கிழிக்கலம்மா" என்பாள்.

ஒரு நாள் காலையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"என்னத்தா, உங்கப்பன் தூது அனுப்புனானா?" என்றார் பெரியவர்.

"அவருக்குத் தெரிஞ்சா என்னையச் சேத்துப் பூட்டுவாரு. சண்டைய விடுங்கன்னு சொல்ல வரல பெரியப்பா. அது பாட்டுக்கு நடக்கட்டும். தண்ணிய மட்டும் அதுக்குள்ள இழுக்காதீக."

அந்த ஆற்றின் கதையைச் சொன்னாள். பெரியவர் இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"இந்தா, இன்னைக்கு அங்கன சுட்டுக்கிட்டுச் சாகுறானுகளே, இப்பவுமா நிப்பாட்டல?"

"நிப்பாட்டல பெரியப்பா."

இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். இனி சாவி மோட்டார் ரூம் வாசல் ஆணியில் தொங்க வேண்டும், எந்தச் சண்டை வந்தாலும் முறை மாறக் கூடாது என்று அவள் எழுதினாள். இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும் தம்பியும் அதன் பிறகும் இரண்டு வருடம் முகம் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் முறைப்படி ஓடியது. படித்த படிப்பு வாய்க்காலில் ஓடி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. அடுத்த கோடையில் எங்கள் முறையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மறுநாள் அவர்கள் முறை தொடங்கியது. பெரியவர் குடும்பத்தோடு தேவாரம் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, பொழுது சாயும்வரை எங்கள் கொடிக்குத் தண்ணீர் விட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய மகள் ஈர வாய்க்காலைப் பார்த்தாள்.

"யாரும்மா மோட்டார் போட்டது?"

"கரண்ட் போனது கொடிக்குத் தெரியுமா?"

"சாவிய ஆணியில விட்டுட்டுப் போனாகள்ல, நம்மள நம்பித்தானம்மா."

எங்கள் முறை வந்ததும் முதல் நாள் தண்ணீரைப் பெரியப்பா தோட்டத்துக்குத் திருப்பிவிட்டாள். அவள் அப்பா சத்தம் போட்டார். "ஒப்பந்தத்துல ஒரு வரி விட்டுப்போச்சுப்பா" என்று மட்டும் சொன்னாள். கரண்ட் இல்லாத நாள் முறையில் சேராது, அடுத்து வரும் நாள் கரண்ட் இழந்தவர்களுக்கே என்று அந்தத் தாளில் சேர்த்தாள். இரண்டு வீடும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெற்றவள் என்று விட்டுவிடவும் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முன்னால் நான் கைகட்டி நின்ற நாள் அது.

பிறகு கம்பத்தில் ஆசிரியை ஆனாள். நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு ஒரு மகளைப் பெற்றாள். நோய் வந்தபோதும், பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் பெரியவர் வாரந்தோறும் பஸ் ஏறி வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே போன நேரம், "நீயாவது அவருகிட்டச் சொல்லீரு ஆத்தா, எனக்கு வாய் வரல" என்றேன்.

"தண்ணி விட்டவுகதாம்மா சொல்லணும்" என்றாள்.

அவளுக்கு ரத்தம் கொடுத்த அவளுடைய பழைய மாணவர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த சம்பந்தி வீட்டாருக்கும், மருமகனுக்கும், என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் நாங்கள் பட்ட நன்றிக்கடன் தீராது.

பேத்தி, எழுதியாயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை வாசித்துக் காட்டு. உன் பெரிய தாத்தாவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்திருக்கிறேன். அவருக்குக் காது மந்தம். நான் மோட்டார் போட்ட இடம் வரும்போது மட்டும் உரக்க வாசி, ஆத்தா.