கிள்ளான் கடைக்கார அக்கா எனக்கு விற்க மறுத்த மூலிகை

தங்கை கவிதாவுக்கு இரண்டாவது பிள்ளை, நிறைமாதம். அவளுக்குத் துணையாக மதுரையிலிருந்து கோலாலம்பூர் வந்திருக்கும் நான், பிரசவ மருந்துச் சாமான் வாங்கும் சாக்கில் போன சனிக்கிழமை கிள்ளான் போய்வந்தேன். நான் தாவரவியல் ஆசிரியை. நாட்டு மருந்துக் கடை என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது!

கிளம்பும் முன்பே ஒரு குதூகலம். மாடிவீட்டு மலாய்க்கார அக்கா சுகப்பிரசவத்துக்கென்று 'ரும்புட் ஃபாத்திமா' கொடுத்திருந்தார். கைமுட்டி போலச் சுருண்ட காய்ந்த பாலைவனச் செடி. தண்ணீரில் போட்டால் விரியும். வலி எடுத்ததும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமாம். எனக்குப் பொறுமை ஏது? காலை எட்டரைக்கே குவளையில் போட்டுவிட்டேன். "மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மடக்கு குடிச்சுப் பாரேன், மூலிகைதானே" என்று பெரிய டாக்டர் மாதிரி கவிதாவிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து கே.எல். சென்ட்ரல் பத்து நிமிட நடை. ரயில் 9.10க்கு. ஒரு மணி நேரப் பயணம், ஐந்து ரிங்கிட்கூட ஆகவில்லை. கிள்ளானில் இறங்கி எட்டு நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா.

சுக்கு, திப்பிலி, சதகுப்பை, ஓமம் என்று 62 ரிங்கிட்டுக்கு அள்ளினேன். ரும்புட் ஃபாத்திமாவும் மூன்று கேட்டேன். கடைக்கார அக்கா யாருக்கு, எத்தனை மாசம், முதல் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று விசாரித்தார். ஆபரேஷன் என்றேன்.

"அப்ப நான் விக்க மாட்டேன்லா. இது கர்ப்பப்பையை இறுக்கும். ஆஸ்பத்திரியில வலி வர ஊசி போட்டாக்கூட பக்கத்துலயே நின்னு பாப்பாங்க. இதுல எவ்ளோ குடிச்சா எவ்ளோ இறுக்கும்னு யாருக்குத் தெரியும்? பழைய தையல் தாங்கணும்ல."

செடியில் இருப்பதாலேயே எந்த வேதிப்பொருளும் சாதுவாகிவிடாது என்று வருஷா வருஷம் வகுப்பில் கத்துகிறவள் நான். சொந்தத் தங்கைக்கு மட்டும் 'மூலிகைதானே' என்றுவிட்டேன்!

கவிதா போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வெளியூரில். அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்ததால் வாடகைக் கார் பிடித்தேன். 32 கிலோமீட்டர், 46 ரிங்கிட். முப்பத்தைந்து நிமிடத்தில் சேர்த்துவிடுவதாக டிரைவர் அண்ணன் சொன்னார். ஜாமில் மாட்டி ஐம்பத்திரண்டு ஆனது. விஷயத்தைக் கேட்டு அவருக்கும் வியர்த்துவிட்டது, பாவம்.

வீட்டுக்குள் ஓடினேன். மேஜையில் செடி முழுசாக விரிந்திருந்தது. கவிதா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சியா?"

"இல்லக்கா. உன் இன்டர்நெட் பிளாக்ல போட நீ படம் எடுக்கறதுக்குள்ள தொட்டா கத்துவியேன்னு அப்படியே வச்சிருக்கேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் ஒன்றும் புரியாமல் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கிள்ளான் போகிறவர்கள் பத்தரைக்குள் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. கர்ப்பிணிக்கு வாங்குவதானால் மாதக்கணக்கையும் முந்தைய பிரசவத்தையும் நீங்களே சொல்லுங்கள். எதையும் கேட்காமல் எடுத்துத் தரும் கடை வேண்டாம். வாங்கியதை டாக்டரிடம் காட்டாமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.

காய்ந்த செடி தண்ணீரில் விரிவது அப்படியொரு அழகு, சத்தியமாக. ஆனால் என்னிடம் படம் கேட்காதீர்கள். அதை எடுக்கும் முன்பே குவளையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன்.