நான் வெட்டிய இரண்டு வரி

போன ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். பண்பொழிக்குப் பக்கத்தில், இசக்கியம்மாள் வீட்டுக்கு.

பஸ்ஸில் போகும்போதே வசனம் எல்லாம் தயார். எழுதுகிறவளுக்கு வசனத்துக்கா பஞ்சம்? ஆனால் வாசலில் அவளைப் பார்த்ததும் எதுவும் உதவவில்லை. அவள் மடியில் பீடித்தட்டு இருந்தது.

இசக்கியைப் பற்றிச் சித்திரையில் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். (அவளைப் பற்றி என்று பெயர்... பாதிக்கு மேல் என் பெருமைதான்.) அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷமாகப் பீடி சுற்றியவள். புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறி, நாலு படி ஏறினாலே மூச்சு இழுக்கும். இனி தூள் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பீடியை விட்டால் வேறு என்ன வேலை இருக்கிறது அங்கே? அந்தச் சமயத்தில்தான் நானும் எனக்குத் தெரிந்த ஒரு மாட்டு டாக்டரும் சேர்ந்து, அந்த ஊரில் ஐந்து பெண்களைக் கூட்டி, வெண்பன்றி வளர்க்கலாம் என்று ஆரம்பித்தோம்.

தீவனத்தைக் கடையில் வாங்கினால் கட்டாது. சீசனில் குற்றாலத்து ஹோட்டல் மிச்சம் சும்மாவே கிடைக்கும்தான் — ஆனால் அதோடு நோயும் சேர்ந்து வரும் என்று மாட்டு டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் அவரவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலத்தில் மரவள்ளி, சீனிக்கிழங்கு, மக்காச்சோளம் போட்டார்கள். கிழங்கு, கொடி, மரவள்ளித் தோல், இலை... எதுவும் வீணில்லை, எல்லாம் பன்றிக்குத்தான்.

ஆடு மாடுகளை வாரத்துக்கு விடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு இல்லையா? வளர்க்கிறவருக்குப் பாதிக் குட்டி, கொடுத்தவருக்குப் பாதி. அதையே கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். முதல் பன்றி இசக்கிக்கு. அது போடுகிற முதல் ஈற்றில் மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டைக்குட்டி. ஆக, ஐந்து வீட்டு எதிர்பார்ப்பும் ஒரே வயிற்றில் இருந்தது.

பங்குனியில் சினை பிடித்ததும் இசக்கி பீடித்தட்டைத் தூக்கி மைனியிடம், அதாவது அண்ணன் பெண்டாட்டியிடம், கொடுத்துவிட்டாள். "இனி அதைக் கண்ணால பாக்க மாட்டேன்க்கா" என்றாள். வரிசையில் அடுத்தவள் பேச்சியம்மாள். தினமும் சாயங்காலம் வந்து பன்றியின் வயிற்றைத் தடவி, "ஏட்டி இசக்கி, எனக்குள்ளது எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

சரி... இனி என் திருப்பணிக்கு வருகிறேன்.

மாட்டு டாக்டர் தீவன முறைகளை நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். நாலு பக்கம்! யார் படிப்பார்கள்? வெட்டுவதுதானே என் தொழில்? உட்கார்ந்து ஒரே பக்கமாக்கினேன். பெரிய எழுத்து, பத்தே வரி. ஐந்து பேரும் வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

மரவள்ளி இலை, தோல் பற்றி நான் விட்டுவைத்த வரி இது: 'வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுக்கவும்.'

வெட்டிய வரிகள் இரண்டு. ஒன்று, பச்சையாகக் கொடுத்தால் விஷம் என்பது. விஷம் என்ற சொல்லைப் பார்த்தாலே பயந்து ஓடிவிடுவார்கள் என்று எடுத்துவிட்டேன். இன்னொன்று, மழைக்காலத்துக்கு முன்பே இலையை நறுக்கி, டிரம்மில் அமுக்கி, காற்றுப் புகாமல் மூடி வைத்து ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்பது. வெயில் மண்டையைப் பிளக்கிற பங்குனியில் மழையைப் பற்றி யாருக்குக் கவலை?

ஆனியில் சாரல் பிடித்தது. அந்த மாதம் தென்காசிக்காரர்களுக்கு வருகிற போனில் எல்லாம் ஒரே கேள்விதான்: "தண்ணி விழுதா?" எங்கள் வீட்டுக்கும் மதுரையிலிருந்து உறவுக்கூட்டம் வந்திருந்தது. அவர்கள் ஐந்தருவியில் குளிக்க, நான் பைகளுக்குக் காவல் நின்றேன். அப்போதுதான் இசக்கியிடமிருந்து போன்.

"யக்கா, அதுக்கு மூச்சு வாங்குதுக்கா. நுரையா தள்ளுது. நிக்க முடியாம விழுது. எனக்கு என்ன செய்யன்னு தெரியலக்கா..."

மாட்டு டாக்டருக்குப் போன் அடித்தேன். அருவி இரைச்சலில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பச்சை இலை போட்டாங்களா?"

நானும் டாக்டரும் போய் நுழையும்போதுதான் அதன் கடைசி மூச்சு. ஈனுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இசக்கி அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தவள், "உள்ள இன்னும் அனங்குதுக்கா..." என்றாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அசைவும் நின்றுபோனது.

"அஞ்சு நாளா வெயிலே இல்ல. வத்தல் போடுதது கெட்டுப்போவாம இருக்கத்தானக்கா? அன்னன்னைக்குப் பறிச்சு அன்னன்னைக்கே போட்டா எதுக்குக் காய வைக்கணும்னு நெனச்சேன். பச்சையில சத்து கூடுதலா இருக்கும்னு வேற நெனச்சுட்டேன்."

இதில் என்ன தப்பு சொல்லுங்கள்? நம் வீட்டில் மோர்மிளகாயை எதற்குக் காயவைக்கிறோம்? அவள் யோசித்தது சரிதான். யோசிக்கத் தேவையானதை நான் கொடுக்கவில்லை.

உதவி செய்யக் கிளம்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. 'இதைச் செய்' என்று மட்டும் சொல்வோம். 'ஏன்' என்பதை நாங்களே வைத்துக்கொள்வோம். அவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு என்ற நினைப்பு. அதற்கு எளிமை என்று பெயர் வேறு வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "வாங்கக்கா, நனைஞ்சுக்கிட்டா வந்திய?" என்று தட்டை ஒதுக்கி இடம் கொடுத்தாள். "தப்பு என்மேல, இசக்கி. டாக்டர் எல்லாம் எழுதித்தான் குடுத்தார். நான்தான் வெட்டிட்டேன்" என்றேன்.

"எத்தன பக்கம் எழுதியிருந்தாவ?"

"நாலு."

இலையில் தூளை வைத்துச் சுருட்டினாள். "நான் பத்து படிச்சிருக்கேன்க்கா. நாலு பக்கத்தையும் படிச்சிருப்பேனே..."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மற்றவர்கள் வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "பேச்சி மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கா. அசட்டையா இருந்து கொன்னுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதா."

"என்மேலதான் தப்புன்னு அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே? தாள்ல இல்லைன்னு..."

"சொல்லலக்கா. என் கைத் தப்புன்னே சொல்லிட்டேன். உங்களச் சொன்னா, பெறவு நீங்க என்ன சொன்னாலும் ஒருத்தி கேக்க மாட்டா. அஞ்சு வீட்டுலயும் கெழங்கு நிக்குல்லா? நாளைக்கே எங்கேருந்தாவது ஒரு குட்டி வந்தா, சொல்லிக் குடுக்க ஆள் வேண்டாமா?"

பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. முதுகை வளைத்து, கண்ணில் நீர் முட்ட, நெடுநேரம் இருமினாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று எழுந்து வந்துவிட்டேன்.

பேச்சியம்மாள் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. ஆனால் அந்த ஊர் டீக்கடைக்கு இந்தப் பக்கம் வரும். படிக்கிற யாராவது அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். இசக்கிக்குக் கோபம் வரும், வரட்டும்.

பேச்சி, உன் குட்டி செத்தது இசக்கியால் இல்லை. என்னால்.