போர் வண்டியோடு பாடிய என் மகள்

போன வருஷம் சித்திரை மாதத்தில், செஞ்சியை அடுத்த தொண்டூர் பக்கம் ஒரு கொல்லை நிலத்தில் நடந்தது இது.

எனக்கு போர் வண்டி தொழில். வீட்டுக்கும் வயலுக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கிறேன். ஒரே மகள். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவளுக்கு மெட்டல் இசைதான். கிடாரை இடி இடிப்பது போல வாசித்து, அடிவயிற்றிலிருந்து உறுமிப் பாடுகிற இசை அது. அவள் மாடியில் பழக ஆரம்பித்த புதிதில் என் மனைவி, “இன்னாடி, பேய் புடிச்சவ மாதிரி கத்துற?” என்று பதறிப்போய் ஏறினாள். போகப் போக எங்களுக்குப் பழகிவிட்டது.

ஒருநாள், “நைனா, உன் வண்டி பாறைய உடைக்கிற சத்தம் எனக்கு வேணும்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஊரே காதைப் பொத்திக்கொள்கிறது! ஆனால் அவள் விடவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் மைக்கோடு வண்டிக்குப் பின்னால் வந்தாள். மண்ணில் இறங்கும்போது ஒரு சத்தம், சரளையான மொரம்பில் வேறு, கருங்கல்லில் வேறு என்று பதிவு செய்தாள். இத்தனை வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதில் தாளம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

சென்னை நண்பர்கள் இரண்டு பேர் கிடாரும் டிரம்ஸும் வாசிக்க, தண்ணீர் தேடுவதைப் பற்றியே ஒரு முழு ஆல்பம் போட்டார்கள். இன்டர்நெட்டில் வெளிவந்ததும் சிலர் தலைவலி என்றார்கள், சிலர் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்று கொண்டாடினார்கள். பெங்களூரில் ஒரு இசை விழாவுக்கும் கூப்பிட்டார்கள்.

அப்போது ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் இந்த மாதிரி இசையில் பெரிய ஆள், அவர் சொன்னால் எடுபடும். இயந்திரச் சத்தம், குரல் இரண்டுமே கம்ப்யூட்டரில் செய்தவை, போர் வண்டிக் கதை வெறும் விளம்பரம், ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து இந்தக் குரல் வர வாய்ப்பில்லை, போதாததற்குக் கடைசிப் பாட்டு இழுவை என்று எழுதிவிட்டார். அது வேகமாகப் பரவியது. விழாக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள்.

மகள் சரியாகச் சாப்பிடவில்லை. “எங்கியோ கீற ஆளு எழுதினா எழுதிட்டுப் போறாரு, உனக்கு இன்னா?” என்று அவள் அம்மா சமாதானம் சொன்னாள்.

“நல்லா இல்லன்னு எழுதட்டும்மா. பொய்னு எழுதினா எப்படிம்மா தாங்கறது?” என்றாள்.

மறுநாள் காலையில் தொண்டூர் வேலைக்குக் கிளம்பும்போது, மைக்கும் ஸ்பீக்கரும் எடுத்துக்கொண்டு அவளும் வண்டியில் ஏறினாள். நிலத்துக்காரரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். “தண்ணி வந்தா போதும்பா. பொண்ணு பாடிட்டுப் போவட்டும்” என்றார்.

போனை ஸ்டாண்டில் நிறுத்தி, இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க ஆரம்பித்தாள். வண்டி பாறையைத் தொட்டது. வெள்ளையாகத் தூள் கிளம்பியது. அந்தப் புகைக்குள் நின்று, வண்டியின் அடிக்குச் சரியாக அவள் பாடினாள். குரல் எங்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. பிறகு ஒரு ராடு முழுசாக உள்ளே இறங்கியதும், அடுத்த இரும்பு ராடை மாட்ட வண்டியை நிறுத்தினோம். வண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் நிறுத்தவில்லை. அந்த அமைதியில் அவள் உறுமல் மட்டும் தனியாக எழுந்து, எதிரில் இருந்த பாறைக் குன்றில் மோதித் திரும்பி வந்தது. ராடைக் கையில் பிடித்திருந்த என் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார். “ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சு? பொண்ணுக்கு அடிபட்டுடுச்சா?”

“ஒண்ணும் இல்லக்கா, பாட்டுதான்” என்றாள் மகள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் தூள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பாட்டா? எம்மாடி, இன்னா தொண்டடி உனக்கு!” என்று தன் சொம்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். அதுவும் வீடியோவில் இருக்கிறது. அன்று அந்தக் கிணற்றில் தண்ணீர் சுமாராகத்தான் வந்தது.

வீடியோவை அப்படியே அந்த விமர்சகருக்கு அனுப்பினாள். திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை.

சில நாளில் அவர் பதில் எழுதினார். பழைய விமர்சனத்தை அழிக்காமல், அதற்கு மேலேயே எல்லோரும் பார்க்கும்படி, தான் எழுதியது தவறு என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்தக் குரலை வியந்து பாராட்டியிருந்தார். கூடவே, கடைசிப் பாட்டு இழுவை என்ற தன் கருத்தில் மாற்றமில்லை என்றும் எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. “மன்னிப்புக் கேக்கற ஆளு, அப்புறம் இன்னா இழுவைன்றாரு?”

மகள் சிரித்துவிட்டாள். “அது நெசம் நைனா. இழுவையாத்தான் இருக்குது.”

விழாக்காரர்கள் மறுபடியும் அழைத்தார்கள். பெங்களூர் மேடையில் அந்தக் கடைசிப் பாட்டைப் பாதியாகச் சுருக்கிப் பாடினாள். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நானும் என் மனைவியும் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

சண்டைக்குப் போகாமல் பாடிக் காட்டிய என் மகளையும், ஊரறிய மன்னிப்புக் கேட்டும் தன் கருத்தை விட்டுக்கொடுக்காத அந்த முகம் தெரியாத மனிதரையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. இன்று யாராவது என் வேலையில் குறை சொன்னால், கோபப்படுவதற்கு முன்னால் அது நிஜமா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கிறேன்.