கத்தரி அண்ணனின் அசேலியா

கத்தரி அண்ணன் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். இருபத்தாறு வருஷமாக முடிதிருத்தும் கடை. கடைக்கு மேல் மாடியில் வீடு. அவர் கை பட்ட தலையில் ஒரு முடி துருத்திக்கொண்டு நிற்காது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. இருந்தால் என்ன? தொழில் தெரிந்தவன் தலைநிமிர்ந்து நடந்தால் யாருக்கு நஷ்டம்?

கோளாறு என்னவென்றால், அந்தக் கை செடியையும் சும்மா விடவில்லை. மனைவி ஆசை ஆசையாக வாங்கிவந்த இரண்டு அசேலியாப் பூச்செடித் தொட்டிகள் கடை வாசலின் இருபுறமும் இருந்தன. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மட்டம் பார்த்து, நறுக் நறுக்கென்று வெட்டிவிடுவார். பந்து மாதிரி உருண்டையாக, பார்க்க அத்தனை லட்சணம். மூன்று வசந்தம் வந்து போயின. ஒரு பூ பூக்கவில்லை. மனைவி எரு போட்டாள், மண்ணை மாற்றினாள். கடைசியில், "எனக்குச் செடி ராசியே இல்ல போல" என்று சொல்லிவிட்டாள்.

போன கோடைக் கடைசியில் செடிப்பண்ணைக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் வாசலைப் பார்த்தார்.

"இதுக்கு நுனியிலதான் மொட்டு. இப்பவே கட்டிடும், குளிர் முடிஞ்சுதான் விரியும். நீங்க வருஷம் முழுக்க வெட்டி எறிஞ்சது எல்லாம் பூதான்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. மதியம் மாடி ஏறியவர் தட்டில் கை வைக்கவில்லை.

"குத்தம் உன்கிட்ட இல்ல, என்கிட்டதான். இனி அந்தச் செடியில கத்தரி வைக்க மாட்டேன்."

"நீங்களா?" என்று சிரித்தாள் மனைவி. நம்பியதாகத் தெரியவில்லை.

குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். செடிகள் பரட்டைத் தலையோடு நின்றன. எதிர்க்கடை டெய்லருக்குக் கேட்க வேண்டுமா? "அண்ணே, உங்க வாசல்லயே ரெண்டு பேர் முடிவெட்டாம காத்துக்கிட்டு இருக்காங்களே!" தெருவே சிரித்தது. அண்ணனுக்குக் கை நமநமவென்று அரித்தது. தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குளிர் விலகத் தொடங்கிய ஒரு காலையில், தெருவுக்குப் புதிதாக வந்த ஒருவர் வாசல்வரை வந்து நின்றார். "வெளியவே இந்த லட்சணம்னா, உள்ள எப்படி வெட்டுவாங்களோ!" என்று திரும்பிப் போய்விட்டார். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. மற்றதைப் பொறுக்கலாம், தொழிலைச் சொன்னால் பொறுக்க முடியுமா? கத்தரியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து, எல்லாவற்றையும்விட நீட்டிக்கொண்டிருந்த கிளையைப் பிடித்தார்.

நுனியில் ஒரு மொட்டு, விரல்நுனி அளவு. பச்சைக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கிளையிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். அண்ணன் சத்தம் போடாமல் உள்ளே போய்க் கத்தரியை இழுப்பறையில் வைத்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் பார்த்தாள். இலை தெரியாமல் பூ. "என்னங்க, ஓடி வாங்களேன்!" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் டெய்லரும் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தார்.

"அம்மாடி! யாரு அக்கா இதை வளர்த்தது?"

மனைவிதான் என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்தான். ஊரே சிரிச்சும் ஏழு மாசம் வெட்டாம இருந்தாரே, வேற யாரால முடியும்?"