மூன்றாம் மாடிக்கு ஒரு கையெழுத்து

வரைவு விதி மேஜைக்கு வந்ததும் கேள்விக்குறி எழுந்துவிடுவார். உட்கார்ந்து படிக்கிற வழக்கம் கிடையாது. 'மனுதாரர்' என்று அதில் யாரைச் சொல்லியிருக்கிறதோ, அவராகவே மாறி அறைக்குள் நடப்பார். பார்வையற்றோருக்கான படிவம் வந்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிரப்பப் பார்த்து, தேநீரைக் கோப்பின்மேல் கொட்டினார். சிக்குகிற இடத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

துறைகள் போடும் விதிகள் மக்களை வதைக்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க அரசாங்கம் வைத்திருக்கும் ஆய்வுக்குழுவில் அவருக்கு வேலை. பார்க்கலாம், தடுக்க முடியாது. பல்லைப் பிடுங்கிவிட்டு நாயைக் காவலுக்குக் கட்டியிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு விதி வந்தது. வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் நோயாளி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்து அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அந்த அலுவலகம் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இவர் வாயை மூடி, மூக்கை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தார். இரண்டாவது திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு விட முடியாதவங்க எப்படி சார் ஏறுவாங்க?" என்று குழுத் தலைவரிடம் கேட்டார்.

"நாம கருத்துதான்பா சொல்லலாம். கொஞ்சம் பதமா எழுது."

பதமாக எழுதினார். 'ஏற முடியாது' என்பது 'சற்றுச் சிரமம் ஏற்படலாம்' ஆயிற்று. தலைவர் அதையும் அடித்துவிட்டு 'ஏற்கத்தக்கது' என்று போட்டார். கேள்விக்குறி பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பேனாவால் கையெழுத்துப் போட்டார். வயிற்றெரிச்சல் அதுதான்.

அப்போது அவருடைய அக்கா நன்றாகத்தான் இருந்தாள். இப்போது சிலிண்டர் இல்லாமல் அவளுக்கு ஒரு மணி நேரம் தாங்காது. சீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள்.

அக்காவை வண்டியிலேயே இருத்திவிட்டு மூன்றாம் மாடி எழுத்தரிடம் போனார். "கீழதாம்மா இருக்காங்க. ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாருங்க, போதும்."

"நேர்லன்னா இந்த மேஜைக்கு முன்னாடி சார். நானா போட்டேன்? பெரியவங்க ஆராய்ஞ்சு கையெழுத்துப் போட்டிருக்காங்க, நீங்களே பாருங்க" என்றாள் எழுத்தர், சுவரில் ஒட்டியிருந்த விதியின் நகலைக் காட்டி.

பார்த்தார். மூன்றாவது கையெழுத்து அவருடையது. கை தானாகப் பென்சிலுக்குப் போய், எடுக்காமல் திரும்பியது. படியிறங்கி வந்தார்.

"எத்தனை மாடிடா?" என்றாள் அக்கா, இரண்டு மூச்சில்.

"கொஞ்சம் சிரமம்தான்க்கா" என்றார்.

வண்டிக்காரர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டார். கேள்விக்குறி கதவருகே முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினார்.