பனியன் கம்பெனியில் என் சோகப் பாட்டுகள்

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டால், யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா என்று விசாரிப்போம். திருப்பூரில் பனியன் தைப்பதற்கே பாட்டுப் போடுகிறார்கள். 2003இல் நான் இங்கு வந்த புதிதில், காலையிலேயே கம்பெனிக்குள் குத்துப்பாட்டு முழங்க, “முதலாளி வீட்டில் விசேஷமா?” என்று கேட்டுவிட்டேன். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவர்களுக்குப் பாட்டு ஓடுகிற வேகத்தில் கையும் ஓடுமாம். பிறகு நான் கட்டிங் மாஸ்டர் ஆனபோது, மேஜையருகே இருந்த சிடி பிளேயரும் என் பொறுப்புக்கு வந்தது.

2007 வைகாசியில் கொடைக்கென்று மகளுடன் ஊருக்குப் போன என் மனைவி செல்வி திரும்பி வரவில்லை. மகளை ஒன்றாம் வகுப்பில் இங்கே சேர்ப்பதா, ஊரிலா என்பதுதான் எங்களுக்குள் தகராறு. அவள் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். நல்ல பாட்டு ஓடும்போது குடும்பப் பிரச்சினை அவ்வளவாகக் காதில் விழாது. ஊரிலிருப்பவர்களும் முயன்று பார்க்கலாம், விளைவுக்கு நான் பொறுப்பல்ல. “அந்தப் பெட்டியோடயே குடும்பம் நடத்துங்க” என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். நானோ அந்தப் பழக்கத்தைக் கம்பெனிக்கும் கொண்டுவந்தேன். துணியை வெட்டிக்கொண்டே, பிரிவுத் துயரப் பாட்டுகளாகத் தேடிப் போட்டேன். மனத்துக்கு இதமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கையில் டீயோடு டெய்லர் சரசக்கா என் மேஜைக்கு வந்தார். காங்கேயத்துக்காரர்.

“ஏனுங்க மாஸ்டரு, ஊருல ஏதாச்சும் பெரிய காரியமுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

“அப்புறம் ஏனுங்க எழவூட்டுப் பாட்டாவே போடறீங்க? மெஷினே தூங்குதுங்க. ஒண்ணு உங்க ஊட்டுக்காரம்மாவக் கூப்புடுங்க, இல்லீனா பாட்ட மாத்துங்க!”

துக்கத்தை மறந்துவிட்டதாக நினைத்து, அதை ஸ்பீக்கர் வைத்து அறிவித்திருக்கிறேன். வெட்கத்தோடு அங்கேயே செல்வியைச் செல்போனில் அழைத்தேன்.

“அங்க என்ன பாட்டு? மொதல்ல அத அமத்துங்க.”

அமத்தினேன். உடனே தையல் மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. ஹால் முழுக்கக் காதாகிவிட்டது.

“பிள்ளைய எங்க சேக்கணும்னு நெனைக்கிய? இன்னைக்காவது வாயத் தொறங்க.”

“இங்கதான்னு நெனைக்கேன். ஆனா நீ இல்லாம எனக்கு முடிவெடுக்கத் தெரியல.”

சரசக்கா கையிலிருந்த டீயைக் குடிக்கவில்லை.

“ஞாயித்துக்கெழம தாராபுரம் வரைக்கும் வாறேன். பாதி வழி. மிச்சப் பாதிக்கு நீங்க வாங்க. அங்க வச்சுப் பேசுவோம்.”

தாராபுரம் பேருந்து நிலையத்தில் மகள் எங்கள் இருவர் மடியிலுமாகப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஒரு பக்கம் திருப்பூர் பஸ், மறுபக்கம் மதுரை பஸ். இரண்டு கண்டக்டர்களும் எங்களைப் பார்த்தே கூவினார்கள். நாங்கள் பேசி முடித்திருக்கவில்லை. நான் வந்த நேரத்தையும் அவள் வந்த நேரத்தையும் கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: தாராபுரம் பாதி வழியே அல்ல. முக்கால் வழிக்கும் மேல் அவள் வந்துவிட்டு, அதைப் பாதி என்று சொல்லியிருக்கிறாள்.